தனியார் போதை மறுவாழ்வு மையங்கள்: அரசு ஆய்வு, சுகாதாரம், உள்ளே இருப்பவரின் உரிமை. சென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியை விட முடியாத அண்ணனையோ, மாத்திரைப் பழக்கத்தில் சிக்கிய பிள்ளையையோ "மூணு மாசம் உள்ளே வெச்சுத் திருத்தித் தர்றோம்" என்று சொல்லும் மையங்கள் சென்னையிலும் அதன் ஓரங்களிலும் நிறைய இருக்கின்றன. பொறுப்போடு நடப்பவையும் உண்டு. கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாதவையும் உண்டு. இந்த மையங்களில் ஆளைச் சேர்த்த குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நம் நாட்டில் தனியார் சிறை உண்டா?

இல்லை. புழல் உட்பட எல்லாச் சிறைகளும் அரசு நடத்துபவை. அமெரிக்காவில் ஜியோ குரூப், கோர்சிவிக் போன்ற கம்பெனிகள் சிறைகளையும், குடியேறிகளை அடைத்து வைக்கும் முகாம்களையும் ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்துகின்றன. அந்த முறை இங்கே இல்லை.

ஆனால் ஒரு தனியார் இடத்தில் மனிதரை அவர் விருப்பமில்லாமல் பூட்டி வைப்பது இங்கேயும் நடக்கிறது. மனநலக் காப்பகம், போதை மறுவாழ்வு மையம், சில ஆசிரமங்கள், விடுதிகள் என்று பெயர்தான் மாறும். சிறைக்கு அனுப்பப் பொதுவாக ஒரு நீதிபதியின் உத்தரவு வேண்டும். இங்கே வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை சட்டப்படி தவறு.

போதை மையம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது? அது ஆஸ்பத்திரியே இல்லையே?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018-இல். மது, போதைப் பொருள் பழக்கத்தால் வரும் மனநிலைச் சிக்கல்களும் மனநோய் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று இந்தச் சட்டமே சொல்கிறது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துத் தங்க வைக்கும் எந்த இடமும் மனநல நிறுவனம்தான். போர்டில் 'டிரஸ்ட்' என்று போட்டிருந்தாலும் சரி, 'யோகா மையம்' என்று போட்டிருந்தாலும் சரி, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டுக்கான ஆணையத்தின் அலுவலகம் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பக வளாகத்தில் இருக்கிறது.

குடியிலிருந்து மீண்டவர்களே நடத்தும் மையங்கள் பல உண்டு. அவர்களுடைய அனுபவத்துக்கு ஈடு இணை கிடையாது, அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் மருந்து கொடுப்பதும், ஒருவரை வெளியே விடாமல் வைப்பதும் அனுபவத்தை மட்டும் வைத்துச் செய்கிற வேலை அல்ல.

லைசென்ஸ் இருப்பதாகச் சொல்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழை நேரில் பாருங்கள். சங்கப் பதிவு, டிரஸ்ட் பத்திரம், ஜிஎஸ்டி எண் ஆகியவற்றை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். அவை எதுவும் இந்த லைசென்ஸ் ஆகாது. மாநில மனநல ஆணையம் கொடுத்த சான்றுதான் கணக்கு.

அதிலும் 'தற்காலிகப் பதிவு' என்று இருந்தால் கவனியுங்கள். விண்ணப்பம் கிடைத்துப் பத்து நாளுக்குள் ஆணையம் தற்காலிகச் சான்று கொடுத்துவிட வேண்டும், அதற்கு முன் விசாரணை தேவையில்லை என்பது சட்டம். அதாவது, ஓர் அதிகாரிகூட அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்காமலே அந்தச் சான்று கிடைத்திருக்கலாம். அது 12 மாதம் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். நிரந்தரப் பதிவுக்குத்தான், குறைந்தபட்சத் தரம் இருப்பதாக மையம் காட்டி, பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல 30 நாள் விட்டு, பிறகு முடிவெடுப்பார்கள். "தற்காலிகமா, நிரந்தரமா, தேதி என்ன?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று: சேர்க்கையை எதிர்த்த மனுக்களை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முகவரியையும் போன் நம்பரையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது கட்டாயம். சுவரில் தியானப் படங்கள் இருக்கின்றன, இந்த நம்பர் இல்லை என்றால் யோசியுங்கள்.

யார் யார் உள்ளே போய் ஆய்வு செய்யலாம்?

முதலில் மாநில மனநல ஆணையம். பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனத்தையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும். அந்தக் குழுவில் உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளும் இருக்கலாம். அதற்கு நடுவே, யாராவது புகார் கொடுத்தாலோ, தானாகவேயோ ஆய்வுக்கு உத்தரவிடலாம். பதிவே இல்லாமல் நடத்துவதாகச் சந்தேகம் வந்தால் உள்ளே நுழைந்து சோதனை போடவும் அதிகாரம் உண்டு.

அப்புறம் மற்ற துறைகள். சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறை. கழிவுநீர், கொசு, குப்பைக்கு மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர். தீ ஆபத்து என்றால் தீயணைப்புத் துறை. அடி, உதை, சட்டவிரோத அடைப்பு என்றால் போலீஸ்.

சென்னையில் பலர் தடுக்கி விழும் இடம் எல்லை. வீடு பெரம்பூரில் இருக்கும், மையம் செங்குன்றம் தாண்டி இருக்கும். அல்லது வீடு மயிலாப்பூரில், மையம் மேடவாக்கம் தாண்டி. மாவட்டம் திருவள்ளூராகவோ செங்கல்பட்டாகவோ மாறிவிடும். 2022 முதல் ஆவடி, தாம்பரம் என்று தனிக் காவல் ஆணையரகங்களும் வந்துவிட்டன. மையம் இருக்கும் இடத்தை வைத்துத்தான் ஸ்டேஷனும் கலெக்டரும். வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் அலைந்து ஒரு நாளை வீணாக்காதீர்கள். ஆளைச் சேர்க்கும் அன்றே மையத்தின் சரியான முகவரியை எழுதி வாங்குங்கள். "ஈசிஆர் பக்கம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

சொல்லிவிட்டு வரும் ஆய்வால் என்ன பயன்?

குறைவுதான். தேதி தெரிந்தால் முந்தின நாளே தரை கழுவி, போர்வை மாற்றி, காயம் பட்டவரைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிடலாம். அமெரிக்காவில் இதற்கு ஒரு பதிவு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஜியோ குரூப் நடத்திய அடெலான்டோ தடுப்பு முகாமுக்கு 2018 மே மாதம் அரசின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் சொல்லாமல் போனது. பார்த்த சுமார் 20 அறைகளில் 15-இல் படுக்கை விரிப்பைத் திரித்துக் கட்டிய கயிறுகள் காற்றுத் துவாரத்திலிருந்து தொங்கின. அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே அடைக்கப்பட்டிருந்த ஒருவர் விரிப்பில் தூக்கு மாட்டி இறந்திருந்தார். திடீரென்று போனதால்தான் அது கண்ணில் பட்டது.

ஆகவே புகார் கொடுக்கும்போது "முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வு செய்ய வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். "உள்ளே இருப்பவர்களிடம் ஊழியர்கள் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும்" என்பது அதைவிட முக்கியமான வரி. வார்டன் பக்கத்தில் நிற்கும்போது "சாப்பாடு நல்லா இருக்கா?" என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

சுகாதார ஆய்வு என்றால் பாத்ரூம் சுத்தமா என்று பார்ப்பது மட்டும்தானா?

பாத்ரூமிலேயே நிறையத் தெரியும். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத கதவு, ஒரு பக்கெட், பொதுவான ஒரே சோப்பு, வெளியே பத்துப் பேர் வரிசை. அதைப் பார்த்தாலே அந்த இடம் உள்ளே இருப்பவர்களை எப்படி நினைக்கிறது என்று புரியும். சுகாதாரம், போதிய இடம், தனிமை, நல்ல உணவு, பெண்களுக்கு மாதவிடாய்க்கு வேண்டிய பொருட்கள் என எல்லாமே சட்டத்தின் 20-வது பிரிவில் உரிமையாக எழுதப்பட்டிருக்கின்றன.

ஆனால் உயிர் போவது பெரும்பாலும் வேறு இடத்தில். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டுவார், யாரோ கொல்ல வருவதாகக் கத்துவார், காய்ச்சல் ஏறும், உடம்பு உதறும், வியர்த்துக் கொட்டும். இது உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம். சரியான மருந்து, பி1 வைட்டமின் ஊசி, நேரத்துக்கு நேரம் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கும் நர்ஸ், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ் என்று எல்லாம் தயாராக இருக்க வேண்டும். படிக்காத ஊழியர் கண்ணுக்கு இதே நிலை 'நடிப்பு', 'திமிர்' என்று தெரியும். அடி விழும், கையைக் கட்டுவார்கள். தனியார் மையத்தில் சேர்த்த சில நாளிலேயே இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: அந்த முதல் வாரம் எந்த டாக்டர் பார்த்தார், எந்த நோட்டில் எழுதினார்?

நல்ல ஆய்வு அந்த நோட்டைத்தான் முதலில் கேட்கும். மருந்து கொடுத்த பதிவேடு, இரவுப் பணி யாருடையது என்ற பட்டியல், கடைசியாக யாரை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்ற விவரம் எல்லாம் வேண்டும். அடுத்தது தொற்று. நெருக்கிப் படுக்கும் ஹாலில் ஒருவருக்குச் சொறி வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட்டு, துணியையும் துவைத்தால்தான் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோய் மூடிய அறையில் வேகமாகப் பரவும். லாரித் தண்ணீர் என்றால் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்க வேண்டும்.

வீட்டார் கையெழுத்துப் போட்டால் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? 90 நாள் பேக்கேஜ் என்கிறார்களே?

90 நாள் பேக்கேஜ் என்று சட்டத்தில் எதுவும் இல்லை.

தானாக வந்து சேர்ந்தவர் வெளியே போக வேண்டும் என்று கேட்டால் விட வேண்டும். ஆபத்து இருப்பதாக மருத்துவருக்குத் தோன்றினால், பரிசோதித்து முடிவெடுக்க 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் இல்லை.

தானாக வராதவரைச் சேர்ப்பதற்குத் தனி வழி இருக்கிறது. அவருடைய பிரதிநிதி, அதாவது அவரே எழுதிக் கொடுத்து நியமித்தவர், அப்படி யாரும் இல்லையென்றால் உறவினரோ கவனித்துக்கொள்பவரோ, விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். சேர்க்கும் அன்றோ, அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ இது நடந்திருக்க வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, பிறரைத் தாக்கும் ஆபத்து, தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை, இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். தினமும் குடிக்கிறார், சம்பளத்தை அழிக்கிறார் என்பது குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வேதனையாக இருந்தாலும், அது மட்டும் போதாது. இப்படிச் சேர்த்தாலும் அதிகபட்சம் 30 நாள். ஏழு நாளுக்கு ஒருமுறை, அவரே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். சேர்த்த விவரத்தை மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள், பெண் என்றால் மூன்றே நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டி வைக்க இரண்டு மனநல மருத்துவர்கள் பரிசோதிப்பதும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

ஒரு அம்மா காட்டிய சேர்க்கைப் படிவம் ஒரே பக்கம்தான். மகனின் பெயர், வயது, மாதக் கட்டணம், முன்பணம். கீழே, "நோயாளிக்கு எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. அதன் கீழ் அவருடைய கைநாட்டு. டாக்டர் கையெழுத்துக்கு இடமே அச்சிடவில்லை. அப்படிப்பட்ட காகிதம் ஒரு மனிதரைப் பூட்டி வைக்க யாருக்கும் அதிகாரம் தராது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து வாய் மூடி இருக்கத் தேவையில்லை.

விடியற்காலையில் நாலு பேர் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போவது சரியா?

சரியில்லை. சேர்க்க மருத்துவப் பரிசோதனையும் பிரதிநிதியின் விண்ணப்பமும் வேண்டும் என்று பார்த்தோம். அது எதுவும் இல்லாமல் கையைக் காலைக் கட்டி ஏற்றுவது ஆளைக் கடத்துவதுபோலத்தான். உண்மையிலேயே உயிர் ஆபத்தான அவசரம் என்றால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் பிரதிநிதியின் சம்மதத்தோடு 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் ஏற்பாடு செய்யலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆவேசமாக இருக்கிறார் என்றால் போலீஸ் உதவியையும் கேளுங்கள்.

முதல் மாதம் பார்க்கவும் பேசவும் கூடாது என்கிறார்கள்.

இதை நான் மிகக் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். பார்க்க வருபவரைச் சந்திப்பதும், சந்திக்க மறுப்பதும், போனில் பேசுவதும் உள்ளே இருப்பவரின் உரிமை. சந்திப்புக்கு நேரம் வகுக்கலாம், சந்திப்பையே மறுக்க முடியாது. வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய படிவத்தையும் இலவச போன் வசதியையும் மையமே கொடுக்க வேண்டும்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் தணிக்கையை மட்டும் நம்பி ஒருவரை உள்ளே விட்டுவிட்டு இருக்க முடியாது. வாரா வாரம் போகும் சொந்தக்காரரின் கண்தான் உண்மையான காவல். போகும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். மணிக்கட்டு, கணுக்கால், முதுகு பாருங்கள். எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். "தூங்குறியா, எங்கே படுக்கிறே, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள்.

அடிப்பது, கட்டிப் போடுவது, மொட்டை அடிப்பது எல்லாம் 'டிசிப்ளின்' என்கிறார்கள்.

மூன்றுமே தடை செய்யப்பட்டவை. சங்கிலி போடுவது எந்த வடிவிலும் கூடாது. தனியறையில் அடைப்பது கூடாது. கட்டாய மொட்டை கூடாது. உடனடியாக ஆபத்து வரும், வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

நம் மாநிலத்துக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. காலில் சங்கிலியோடு இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. இன்றும் ஒரு மையத்துக்குப் போனால் ஜன்னல் கம்பி, வெளிப்பக்கப் பூட்டு, சாவி யாரிடம் இருக்கிறது, இரண்டாவது வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

சமையல், துணி துவைப்பது எல்லாம் உள்ளே இருப்பவர்களையே செய்யச் சொல்கிறார்கள்.

கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பிச் செய்யும் வேலைக்குக் கூலி தர வேண்டும்.

18 வயது ஆகாத பையனைச் சேர்க்கலாமா?

பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ பிரதிநிதியோ அனுப்பும் துணை ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும். வாரியத்துக்கு மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இவை இல்லாத மையம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

ஆள் இப்போதே ஆபத்தில் இருக்கிறார் என்றால் முதலில் 100 அல்லது 112. சட்டவிரோதமாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 127-வது பிரிவில் குற்றம். பத்து நாள் அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. போலீஸ் "குடும்பப் பிரச்சினை" என்று தட்டிக் கழித்தால், நீதித்துறை நடுவரிடம் மனு கொடுத்துத் தேடுதல் வாரண்ட் கேட்கலாம், அல்லது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

சேர்த்ததே தவறு என்றால் மனநல மறுஆய்வு வாரியம். மாவட்ட நீதிபதி தகுதியில் ஒருவர் தலைமையில் ஆறு பேர். கட்டணம் கிடையாது. உள்ளே இருப்பவரோ பிரதிநிதியோ மனு கொடுக்கலாம். 30 நாள் வகைச் சேர்க்கையை எதிர்த்த மனுவை ஏழு நாளில் முடிக்க வேண்டும்.

மையத்தின் தரம், சுகாதாரம், பதிவு பற்றிய புகார் மாநில மனநல ஆணையத்துக்குப் போக வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, கலெக்டருக்கும் ஒரு நகல் போடுங்கள். சாக்கடை, கொசு, குப்பை என்றால் சென்னை மாநகராட்சியின் 1913.

மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது அரசு ஊழியர்களின் மீறலையும் அலட்சியத்தையும் விசாரிக்கும் அமைப்பு. "மையம் அடித்தது" என்று மட்டும் எழுதினால் எடுபடாமல் போகலாம். "இன்ன தேதியில் புகார் கொடுத்தும் அதிகாரிகள் ஆய்வு செய்யாமல் விட்டார்கள்" என்று எழுதினால் அது அவர்கள் எல்லைக்குள் வரும். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

ஆய்வு அறிக்கையை நாம் பார்க்க முடியுமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாநில மனநல ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இன்ன மையத்தின் பதிவு நிலை, கடைசி ஆய்வு நடந்த தேதி, ஆய்வு அறிக்கையின் நகல், அதன் பேரில் எடுத்த நடவடிக்கை ஆகிய நான்கையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். பதில் தர 30 நாள். ஆனால் ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். பூட்டி வைக்கப்பட்டவரைப் பற்றிய கேள்வி அதில்தான் வரும், விண்ணப்பத்தின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

பதிவு இல்லாமல் நடத்தினால் என்ன தண்டனை?

முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை 2 லட்சம் வரை. அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை. பதிவு இல்லை என்று தெரிந்தே அங்கே வேலை செய்யும் மனநல நிபுணருக்கு 25,000 வரை. சட்டத்தின் மற்ற விதிகளை மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 வரை அபராதமோ, இரண்டுமோ. ஒரு மாதக் கட்டணத்திலேயே முதல் அபராதத்தைக் கட்டிவிடக்கூடிய மையங்கள் இருக்கும்போது இந்தத் தொகை யாரையும் பயமுறுத்தாது என்பது என் கருத்து.

சீல் வைத்தால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

இதை யோசிக்காமல் சீல் வைப்பது இன்னொரு கொடுமை. பாதிச் சிகிச்சையில் இருப்பவரை இரவோடு இரவாகத் தெருவில் விட்டால் அவர் நேராகக் கடைக்குத்தான் போவார். ஒவ்வொருவரையும் மருத்துவர் பார்த்து, கூர்ந்த கவனிப்புத் தேவைப்படுபவரை அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றி, மற்றவர்களை வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் ஆள் இருக்கும் மையம் மூடப்படுகிறது என்று கேள்விப்பட்டால் மருந்துச் சீட்டையும் பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் வழக்குக்கும் அதுதான் சாட்சி.

பூட்டாமல் சிகிச்சை கிடைக்கும் இடம் சென்னையில் உண்டா?

உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதை மீட்புச் சிகிச்சை இலவசம். 1794-இல் தொடங்கிய மருத்துவமனை அது, பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அரசு 2025-இல் மாநிலம் முழுக்க 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை அடையாறு இந்திரா நகரில் நடத்தும் மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் முறைக்குப் பெயர் பெற்றது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். 14416-இல் தமிழில் பேசலாம். கூப்பிடும்போது எத்தனை வருடப் பழக்கம், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் சொல்லுங்கள். ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா, நாளை ஓபிக்கு வந்தால் போதுமா என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் சொல்வார்கள்.